காட்டுக்காக வாதாடும் காமிரா

போர்ட் பிளேரிலிருந்து வடக்கே போகும் பஸ்ஸில் ஒரு முறையாவது ஏறாத தமிழர் அந்தமானில் குறைவு. கட்டட வேலைக்கு மாயாபந்தர் போகும் கொத்தனாரும், மாற்றலாகி டிக்லிப்பூர் போகும் குமாஸ்தாவும், சரக்கு ஏற்றிக்கொண்டு ரங்கட் போகும் லாரி டிரைவரும் ஜிர்க்காடாங் சோதனைச் சாவடியில் காத்துக் கிடந்தவர்கள்தாம். வண்டிகள் வரிசையாகச் சேர்ந்த பிறகு, போலீஸ் காவலோடு, கூட்டமாகத்தான் அவற்றைக் காட்டுக்குள் விடுகிறார்கள். வழியில் நிறுத்தக் கூடாது, ஜாரவாக்களுக்கு எதுவும் கொடுக்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது என்று எச்சரிக்கிறார்கள்.

முதல் இரண்டுக்கும் காரணம் எளிதில் விளங்குகிறது. நின்றால் கூட்டம் கூடும். பிஸ்கட்டும் புகையிலையும் கொடுத்தால் அவர்களுக்கு நோயும் கெட்ட பழக்கமும் வரும். ஆனால் படம் எடுப்பதில் என்ன குற்றம்? ஒரு பொத்தானை அழுத்தினால் யாருக்கு என்ன குறைந்துவிடும்?

இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனால், இத்தீவுகளின் காட்டையும் கடலையும் காக்கப் போராடுகிறவர்கள் காமிராவை எப்படி ஆயுதமாகப் பிடித்தார்கள் என்ற கதை வந்து நிற்கிறது. அந்த ஆயுதம் சில சமயம் பிடித்தவர் கையையே அறுத்த கதையும் அதோடு சேர்ந்து வருகிறது.

ஊரை உலுக்கிய படம்

2012 ஜனவரியில் லண்டன் நகரத்துப் பத்திரிகையான ‘அப்சர்வர்’ ஒரு வீடியோப் படத்தை வெளியிட்டது. ஜாரவாப் பெண்களைச் சுற்றுலாப் பயணிகள் முன்னால் ஆடச் சொல்லும் காட்சி அதில் இருந்தது. ஆடினால் தின்பதற்கு ஏதாவது கிடைக்கும் என்ற தோரணையில் ஒரு குரல் அவர்களை ஏவியது. காவலுக்கு நின்றவரே லஞ்சம் வாங்கிக்கொண்டு இதற்கு வழிவிட்டார் என்று பத்திரிகை எழுதியது. படம் பழையது என்று இங்கே நிர்வாகத் தரப்பில் சொல்லப்பட்டது. பழையதோ புதியதோ, பார்த்தவர்கள் வயிறு எரிந்தது உண்மை.

இந்தச் சாலை ஜாரவாக்களின் காப்புக் காட்டை ஊடுருவிச் செல்வது பற்றி அதற்கு முன்னும் எத்தனையோ பேர் எழுதியிருந்தார்கள். காட்டுக்குள் சாலையின் சில பகுதிகளை மூட வேண்டும் என்று 2002ஆம் ஆண்டிலேயே சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டிருந்தது. சாலை மூடப்படவில்லை. பாரட்டாங் தீவின் சுண்ணாம்புக் குகையையும் சேற்று எரிமலையையும் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு, வழியில் ஜாரவாக்களைப் பார்ப்பதற்காகவே போனவர்களும் இருந்தார்கள். ‘சர்வைவல் இன்டர்நேஷனல்’ என்ற அமைப்பு இதை ‘மனித வேட்டைச் சுற்றுலா’ என்று சொல்லி, அந்தச் சாலையைப் பயணிகள் புறக்கணிக்க வேண்டும் என்று பிரசாரம் செய்து வந்தது. காகிதத்தில் எழுதிய இத்தனை வாதங்களும் செய்யாத வேலையைச் சில நிமிடப் படம் செய்தது.

அந்த ஆண்டே பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டம் கடுமையாகத் திருத்தப்பட்டது. 2013 ஜனவரியில் சுற்றுலாப் பயணிகள் அந்தச் சாலையில் செல்லவே சுப்ரீம் கோர்ட் இடைக்காலத் தடை விதித்தது. மார்ச் மாதம் தடை நீங்கியது. ஆனால் காப்புக் காட்டுக்குள் நுழைந்து படம் எடுத்தால் மூன்றாண்டு வரை சிறை என்ற சட்டம் நிலைத்துவிட்டது. பாரட்டாங்குக்குக் கடல் வழியும் பின்னால் திறக்கப்பட்டது.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். ஜாரவாக்களைப் படம் எடுப்பது குற்றம் என்பதை உலகுக்கு உணர்த்தியது, ஜாரவாக்களை எடுத்த ஒரு படம்தான். அந்த வீடியோ வெளிவராமல் இருந்திருந்தால் சட்டம் இவ்வளவு விரைவில் இறுகியிருக்காது. வெளிவந்ததனால் அந்தப் பெண்கள் இந்தக் காட்டில் மட்டும் அல்லாமல், உலகத்தில் உள்ள டெலிவிஷன் பெட்டிகளில் எல்லாம் மறுபடி மறுபடி ஆட வைக்கப்பட்டார்கள். அவர்களைக் கேட்டு யாரும் அதைக் காட்டவில்லை.

கண்ணாடித் தகட்டில் தொடங்கிய கதை

அந்தமானுக்குக் காமிரா வந்தது இன்று நேற்று அல்ல. அந்தமான் பழங்குடியினருக்குப் பொறுப்பாக இருந்த ஆங்கில அதிகாரி மாரிஸ் விடால் போர்ட்மன் 1890களில் பிரிட்டிஷ் மியூசியத்துக்காக அவர்களை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தார். முகம், பக்கவாட்டு முகம், கை, கால் என்று அளவு எடுத்த படங்கள் அவை. அதே அதிகாரி 1880இல் வட சென்டினல் தீவிலிருந்து சிலரைப் பிடித்துப் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தார். வந்த இடத்தில் முதியவர் இருவர் நோயுற்று மாண்டனர்.

அந்தப் படங்கள் இன்றும் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன. படத்தில் இருந்தவர்களின் கதி என்ன? 1858இல் பல்லாயிரம் பேராக இருந்த கிரேட் அந்தமானியர், 1961 குடிக்கணக்கின்போது 19 பேராகக் குறைந்துவிட்டிருந்தார்கள். படம் எடுத்தால் மட்டும் யாரும் பிழைத்துவிடுவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

1974இல் பிலிம்ஸ் டிவிஷனுக்காகப் பிரேம் வைத்யா ‘மேன் இன் சர்ச் ஆஃப் மேன்’ என்ற ஆவணப்படத்தை எடுத்தார். படக்குழு வட சென்டினல் கரையை நெருங்கியபோது அம்புகள் பறந்து வந்தன. படத்தின் இயக்குநர் தொடையில் ஓர் அம்பு பாய்ந்தது. தேங்காயும் பாத்திரமும் பொம்மையும் கரையில் வைக்கப்பட்டிருந்தன. அவற்றைக் கொடுத்து நட்பு கொள்ள வந்தவர்களுக்குக் கிடைத்த பதில் அது.

முப்பது ஆண்டு கழித்து, சுனாமி வந்த இரண்டாம் நாள், 2004 டிசம்பர் 28 அன்று, கடலோரக் காவல் படையின் ஹெலிகாப்டர் ஒன்று அதே தீவின் மேல் பறந்தது. மக்கள் பிழைத்திருக்கிறார்களா என்று பார்க்கப் போன ஹெலிகாப்டர் அது. மணல் கரையில் தனியாக நின்ற ஒருவர் வில்லை வளைத்து அதைக் குறி பார்த்தார். அந்தப் படம் உலகெங்கும் அச்சாயிற்று. ‘எங்களை விட்டுவிடுங்கள்’ என்று அந்தத் தீவு சொல்வதற்கு அடையாளமாக அது இன்றும் காட்டப்படுகிறது. பழங்குடியினரின் உரிமைக்காகப் பேசுகிறவர்களுக்கு அதைவிடச் சிறந்த சுவரொட்டி கிடைத்திருக்காது. அதை எடுத்தவர்கள் போராட்டக்காரர்கள் அல்லர் என்பதும், கீழே இறங்கிப் போய் எடுத்த படம் அல்ல என்பதும் குறிப்பிடத்தக்கது.

கோர்ட்டுக்குப் போன காடு

இத்தீவுகளில் மரம் வெட்டும் தொழிலுக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. சாத்தம் மர அறுவை ஆலை 1883இல் தொடங்கியது. படாக் மரத்துக்கு உலகச் சந்தையில் தனி மதிப்பு. யானை இழுத்த கட்டைகளும், கப்பலில் ஏறிய பலகைகளும் நம்மவர் பலருக்குச் சோறு போட்டன.

1990களின் இறுதியில் லிட்டில் அந்தமானில் நூறு பேர் அளவிலேயே மிஞ்சியிருந்த ஓங்கே மக்களின் காப்புக் காட்டுக்குள்ளும் மரம் வெட்டப்படுவது வெளிச்சத்துக்கு வந்தது. புனே நகரைச் சேர்ந்த ‘கல்பவிருட்சம்’ அமைப்பின் பங்கஜ் சேக்சாரியா இதைப் படங்களோடு ஏடுகளில் எழுதினார். போர்ட் பிளேரில் சமீர் ஆச்சார்யா நடத்தி வந்த அந்தமான் நிக்கோபார் சூழலியல் சங்கமும் மற்ற அமைப்புகளும் சேர்ந்து கோர்ட்டுக்குப் போயின. சுப்ரீம் கோர்ட் 2001இல் சேகர் சிங் என்பவரை ஆணையராக நியமித்தது. அவர் தீவுகளைச் சுற்றிப் பார்த்து, பொது மக்களையும் அதிகாரிகளையும் விசாரித்து, 2002 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தார். மே 7ஆம் தேதி தீர்ப்பு வந்தது. காட்டு மரம் வெட்டுவதற்கும் வெளியே அனுப்புவதற்கும் கடும் கட்டுப்பாடு, கடற்கரை மணல் அள்ளுவதைப் படிப்படியாகக் குறைத்தல், ஜாரவாக் காட்டுச் சாலையின் பகுதிகளை மூடுதல் ஆகியவை அதில் அடங்கும்.

வழக்கை ஜெயித்தது படமா என்று கேட்டால், படம் மட்டும் அல்ல என்பதே பதில். அறிக்கையும் வரைபடமும் அரசாங்கக் கோப்புகளும் கோர்ட்டில் பேசின. வெட்டிய அடிமரத்தின் படம் கோர்ட்டுக்கு வெளியே பேசியது. டில்லியிலும் பம்பாயிலும் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு லிட்டில் அந்தமான் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அங்கே வெட்டப்படும் மரத்துக்காக அவர் ஏன் கவலைப்பட வேண்டும்? அந்தக் கவலையை உண்டாக்குவது படத்தின் வேலை. அதைச் சட்டமாக மாற்றுவது வழக்கின் வேலை. இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் வண்டி ஒற்றைச் சக்கரத்தில் ஓடாது.

படத்தில் விழாதவர்கள்

அந்தத் தீர்ப்பின் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் கணக்கு நேராகாது. மரம் நின்றதும் மரத்தை நம்பிய ஆலைகள் பல நின்றன. மணல் குறைந்ததும் கட்டட வேலை முடங்கியது. மணல் விலை ஏறியது. சிமெண்டும் கம்பியும் வாங்கி வைத்துவிட்டு மணலுக்குக் காத்திருந்தவர்கள் உண்டு. கொத்தனார், சித்தாள், அறுவை ஆலைத் தொழிலாளி, லாரி டிரைவர் எல்லோரும் இதில் அடிபட்டார்கள். அவர்களில் தமிழர் எத்தனை பேர் என்பதை ஜங்லிகாட்டிலும் ஹேடோவிலும் பழைய ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இவர்கள் எந்தப் படத்திலும் வரவில்லை. காட்டைக் காக்கும் படங்களில் பச்சை மரமும் நீலக் கடலும் வரும். ஆமையும் பறவையும் வரும். அம்பு ஏந்திய பழங்குடி வருவார். வெட்டப்பட்ட மரத்தின் பக்கத்தில் ஒரு கோடாரி வரும். கோடாரியைப் பிடித்த கைக்கு அன்றைக்குக் கூலி எவ்வளவு, அந்தக் கூலி நின்றபிறகு ஊரில் இருக்கும் பிள்ளைகளின் பள்ளிச் சம்பளம் என்னவாயிற்று என்று கேட்கிற படம் அரிது. மரம் வெட்டியவர் வில்லன்போல் தோன்றுகிறார். வெட்டச் சொன்ன கோப்பில் கையெழுத்துப் போட்டவர் காமிராவுக்கு அகப்படுவதில்லை.

தீர்ப்பு தவறு என்று இதற்குப் பொருள் அல்ல. கரை மணலை அள்ளிக்கொண்டே போனால் கடல் உள்ளே வரும் என்பதைச் சுனாமிக்குப் பிறகு யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் காட்டுக்காக வாதாடுகிறவர்கள் கூலிக்காரரையும் தம் படத்துக்குள் கொண்டுவந்திருந்தால், ‘மரத்தைக் காப்பாற்று’ என்பதோடு ‘மரம் வெட்டியவனுக்கு மாற்று வேலை கொடு’ என்ற குரலும் சேர்ந்து எழுந்திருக்கும். அப்போது அவர்களை எதிரிகளாக நினைத்தவர்களில் பலர் துணையாக வந்திருப்பார்கள்.

சட்டத்தை மாற்றிய படங்கள்

படம் எடுத்துச் சட்டத்தை அசைத்ததற்கு நம் நாட்டில் நல்ல உதாரணங்கள் உண்டு. குஜராத் கரையில் திமிங்கலச் சுறாக்களை வேட்டையாடுவதை மைக் பாண்டே என்பவர் படமாக்கினார். ‘ஷோர்ஸ் ஆஃப் சைலன்ஸ்’ என்ற அந்தப் படம் 2000ஆம் ஆண்டு வெளிவந்தது. உலகிலேயே பெரிய மீன், எவருக்கும் தீங்கு செய்யாதது, கொக்கி மாட்டி இழுக்கப்படும் காட்சி பார்த்தவரைக் கலக்கியது. 2001இல் மத்திய அரசு திமிங்கலச் சுறாவை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. புலிக்கும் யானைக்கும் உள்ள பாதுகாப்பு ஒரு மீனுக்குக் கிடைத்தது அதுவே முதல் தடவை.

இன்னொருவர் சென்னைக்காரர். சேகர் தத்தாத்ரி பள்ளிச் சிறுவனாகவே கிண்டிப் பாம்புப் பண்ணைக்குப் போய் வேலை பழகியவர். கர்நாடகத்தில் குதுரேமுக் காட்டில் இரும்புத் தாது வெட்டுவது பற்றி 2001இல் அவர் எடுத்த படம் பன்னிரண்டு நிமிடம்தான். தோண்டிய மலையிலிருந்து மழை நீரோடு மண் கரைந்து பத்ரா ஆற்றில் கலப்பதை அது காட்டியது. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த வழக்குக்கு அது பக்கபலமாக நின்றது. சுரங்கத்தை நிறுத்த 2002இல் சுப்ரீம் கோர்ட் ஆணையிட்டது. 2005 முடிவில் சுரங்கம் நின்றது.

இவ்விரண்டையும் ஒப்பிட்டால் ஒரு சூட்சுமம் புலப்படும். இவை தியேட்டரில் டிக்கெட் விற்று ஓடிய படங்கள் அல்ல. யார் கையில் முடிவு இருக்கிறதோ அவர் பார்க்கும்படி எடுத்த படங்கள். மந்திரிக்கும் செயலாளருக்கும் இரண்டரை மணி நேரம் உட்கார நேரம் ஏது? பன்னிரண்டு நிமிடம் உட்காருவார்கள். அதற்குள் ஒரே ஒரு விஷயத்தை, சந்தேகம் இல்லாமல், கண் முன்னே வைத்துவிட வேண்டும். மலை கரைகிறது; ஆறு சிவக்கிறது. அவ்வளவுதான்.

இவர்களுக்கெல்லாம் முன்னோடியாகச் சென்னையில் எம். கிருஷ்ணன் இருந்தார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த படங்கள் புகழ் பெற்றவை. கல்கத்தா ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் 1950 முதல் 1996இல் காலமாகும் வரை விடாமல் எழுதினார். அவர் யாரையும் அழவைக்க முயலவில்லை. பார்த்ததைப் பார்த்தபடி எழுதி, எடுத்ததை எடுத்தபடி காட்டினார். அதனாலேயே அவர் சொல்லுக்கு மதிப்பு இருந்தது.

கலாத்தியா கரையில் இரண்டு படங்கள்

இப்போது பெரிய வழக்கு கிரேட் நிக்கோபார். நிதி ஆயோக் வகுத்த திட்டப்படி அங்கே சரக்குப் பெட்டகத் துறைமுகம், விமான நிலையம், நகரம், மின் நிலையம் ஆகியவை வர வேண்டும். தொடக்கத்தில் சொன்ன மதிப்பு 72,000 கோடி ரூபாய். 166 சதுர கிலோ மீட்டர் நிலம். அதில் 130 சதுர கிலோ மீட்டருக்கு மேல் காடு. 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. சுமார் 9.6 லட்சம் மரங்கள் வெட்டப்படக்கூடும் என்று பார்லிமெண்டில் அரசே சொன்னது. ஈடாக மரம் நடும் இடங்களில் ஒன்று ஹரியானா என்பதும் அரசு சொன்னதே.

துறைமுகம் வரும் இடம் கலாத்தியா விரிகுடா. ஏழு வரி ஆமை என்று சொல்லப்படும் பெரிய கடலாமை முட்டையிட ஏறி வரும் கரை அது. இந்தியாவில் அந்த ஆமைக்கு மிக முக்கியமான கரைகளில் ஒன்று. அங்கே இருந்த சரணாலய அந்தஸ்து 2021 ஜனவரியில் நீக்கப்பட்டது.

திட்டத்தை எதிர்ப்பவர்கள் காட்டும் படங்களில் ஒன்று, இரவில் மணலைத் தோண்டும் அந்த ஆமை. இன்னொன்று புகைப்படம் அல்ல, ஒரு வரைபடம். 2011 முதல் லிட்டில் அந்தமான் கரையில் முட்டையிட்ட பத்து ஆமைகளின் முதுகில் ஆராய்ச்சியாளர்கள் சிறு கருவியைப் பொருத்தி, செயற்கைக்கோள் மூலம் அவற்றின் வழியைக் குறித்தார்கள். சில ஆஸ்திரேலியா பக்கம் போயின. சில மேற்கே திரும்பின. ஓர் ஆமை 266 நாட்களில் சுமார் 13,000 கிலோ மீட்டர் நீந்தி ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் அருகே போய்ச் சேர்ந்தது. வெள்ளைத் தாளில் இந்து சமுத்திரத்தைக் குறுக்கே வெட்டும் ஒரு வளைந்த கோடு. அவ்வளவுதான் அந்தப் படம். ஆனால் இத்தீவின் ஒரு துண்டு மணலில் கை வைத்தால் அதன் விளைவு எங்கெங்கே போகும் என்பதை அந்தக் கோடு சொல்லிவிடுகிறது. பிழைப்புக்காகக் கடல் தாண்டி வந்தவர்களுக்கு அந்தக் கோட்டின் பொருள் இன்னும் நன்றாக விளங்கும்.

மூன்றாவது படம் இந்திரா முனைக் கலங்கரை விளக்கம். 2004 பூகம்பத்தில் அந்த முனை நாலு மீட்டருக்கு மேல் கீழே இறங்கிவிட்டது. நிலத்தில் இருந்த விளக்குக் கோபுரத்தின் அடியைக் கடல் சூழ்ந்து நிற்கும் படத்தைக் காட்டி, ‘இப்படி அசையும் பூமியிலா பல்லாயிரம் கோடியைக் கொட்டுவது?’ என்று கேட்கிறார்கள்.

அரசு தரப்பிலும் படங்கள் இருக்கின்றன. கம்ப்யூட்டரில் வரைந்த துறைமுகம், வரிசையாக நிற்கும் கப்பல்கள், விளக்கு எரியும் நகரம். மலாக்கா நீரிணைக்குப் போகும் உலகக் கப்பல் பாதை பக்கத்திலேயே இருக்கிறது; நாட்டின் பாதுகாப்புக்கும் வாணிபத்துக்கும் இது வேண்டும்; வேலை வாய்ப்பு பெருகும்; ஆமைக்கும் பழங்குடிக்கும் தக்க ஏற்பாடு உண்டு என்பது அவர்கள் வாதம். வேலை தேடி மூன்று நாள் கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டு வந்த ஒருவர், கப்பல்கள் நிற்கும் அந்தப் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டால் அதில் தவறு காண முடியாது.

ஆனால் இரு தரப்புப் படங்களிலும் விடுபட்ட ஒரு கூட்டம் உண்டு. சுனாமிக்கு முன் அந்தக் கரையோரங்களில் குடியிருந்து, பின்பு காம்பெல் பே பக்கம் குடியமர்த்தப்பட்ட நிக்கோபாரியர்கள் பழைய ஊர்களுக்குத் திரும்ப விரும்பினார்கள். முதலில் தந்த சம்மதத்தை அவர்களுடைய பழங்குடி மன்றம் 2022 நவம்பரில் திரும்பப் பெற்றது. காட்டுக்குள் வாழும் ஷோம்பென் மக்களின் கருத்தை அவர்கள் வாயால் கேட்டவர் எவரும் இல்லை. ஆமையின் படம் ஊர் ஊராகப் போகிறது. அந்தச் சம்மதக் கடிதம் ஏன் கொடுக்கப்பட்டது, ஏன் வாபஸ் ஆயிற்று என்பது அத்தனை தூரம் போகவில்லை. கடிதத்தைப் படமாக எடுத்தால் பார்க்க அழகாக இராது என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

அழகே ஆபத்தாகும்போது

அழகான படம் எப்போதும் நன்மைதான் செய்யும் என்று நினைப்பதும் சரியல்ல. ஹேவ்லாக் தீவில் ராஜன் என்ற யானை இருந்தது. மரம் இழுக்கும் வேலைக்காக இத்தீவுகளுக்குக் கொண்டுவரப்பட்டது. தீவு விட்டுத் தீவு நீந்தப் பழகியது. மரத் தொழில் நின்ற பிறகு, கடலுக்குள் ராஜன் நீந்துவதைத் தண்ணீருக்கு அடியிலிருந்து எடுத்த படங்கள் உலகப் புகழ் பெற்றன. ஹாலிவுட் படம் ஒன்றிலும் ராஜன் நடித்தது. 2016இல் காலமானது. அந்தப் படங்களைப் பார்த்தவர்களுக்கு யானை ஆனந்தமாக விளையாடுவதாகத் தோன்றும். பாரம் இழுத்த கழுத்து அது என்பதும், நீச்சல் அதற்கு வேலையின் ஒரு பகுதி என்பதும் படத்தில் தெரியாது. படத்தைப் பார்த்துத் திரண்டு வந்த பயணிகளுக்கு ஹோட்டல் கட்ட வேண்டியிருந்தது. ஹோட்டலுக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. குப்பையைக் கொட்ட இடமும் வேண்டியிருந்தது.

நல்ல எண்ணம் என்ற போர்வையில் சட்டம் மீறுபவர்களும் உண்டு. 2014இல் பிரெஞ்சு நாட்டு ஆவணப்படக்காரர் இருவர் ஜாரவாக் காட்டுக்குள் அனுமதியின்றி நுழைந்து ‘ஆர்கானிக் ஜாரவா’ என்ற படத்தை எடுத்தார்கள். ஜாரவாக்களைக் காப்பாற்றவே எடுத்தோம் என்றார்கள். போலீஸ் வழக்குப் பதிவு செய்தது. வெளியூர்க்காரர் ஒருவர் கொண்டுபோகும் சாதாரண ஜலதோஷம் அந்த மக்களுக்கு எமனாகலாம். 1999இல் ஜாரவாக்களிடையே அம்மை பரவியதை இத்தீவு பார்த்திருக்கிறது.

2025 மார்ச்சில் அமெரிக்க இளைஞர் ஒருவர் தனிப் படகில் வட சென்டினல் கரைக்குப் போய், ஒரு தேங்காயையும் குளிர்பான டப்பாவையும் வைத்துவிட்டு வந்து கைதானார். போனவர் காமிராவையும் மறக்காமல் எடுத்துப் போயிருந்தார். 1974இல் படக்குழு வைத்த தேங்காய்க்கும் இந்தத் தேங்காய்க்கும் இடையே ஐம்பது ஆண்டு ஓடிவிட்டது. காமிரா சிறுத்துவிட்டது, ஆசை சிறுக்கவில்லை.

இப்போது எல்லோர் சட்டைப் பையிலும் காமிரா இருக்கிறது. 2017இல் தேசிய பழங்குடியினர் ஆணையம் ஜாரவாக்களைக் காட்டும் வீடியோக்களை யூட்யூபிலிருந்து அகற்ற நடவடிக்கை எடுக்கும்படி மத்திய அமைச்சகங்களைக் கேட்டுக்கொண்டது. எடுப்பது மட்டும் அல்ல, அத்தகைய படங்களை உலவவிடுவதும் பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரலாம் என்று அது எச்சரித்தது. ஊரில் உள்ள மச்சானுக்கு வேடிக்கையாக அனுப்பும் ஒரு படம், அனுப்பியவரைப் போலீஸ் நிலையத்தில் உட்கார வைத்துவிடும். டிரைவர் வேலைக்கும் சர்க்கார் உத்தியோகத்துக்கும் அது உலை வைக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

தீர விசாரிப்பதே மெய்

கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். காமிரா இல்லாத காலத்தில் சொன்ன வார்த்தை இது. காமிராவுக்குத்தான் மிகவும் பொருந்துகிறது. காட்டைக் காக்கும் படமானாலும், துறைமுகம் கட்டும் படமானாலும், நாலு கேள்வி கேட்ட பிறகு நம்பலாம். எடுத்தவர் யார்? எந்த ஆண்டு, எந்த இடத்தில் எடுத்தது? படத்தில் இருப்பவர் சம்மதித்தாரா? சட்டத்துக்கு வெளியே விடப்பட்டவர் யார்?

இதே கேள்விகளை மனத்தில் வைத்துக்கொண்டு நம்மவரும் காமிராவைப் பிடிக்கலாம். ஊர்க் கரையில் ஆண்டுக்கு ஆண்டு கடல் எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது என்பதை ஒரே இடத்தில் நின்று, தேதி போட்டு, மழைக்காலத்துக்கு ஒரு படம் எடுத்து வைத்தால் பத்தாண்டில் அது பெரிய ஆவணம். கள்ளத்தனமாக மணல் அள்ளிய குழி, ஓடையில் கொட்டிய பிளாஸ்டிக் குப்பை, குடிநீர்க் குழாய் முன் காலிக் குடங்களின் வரிசை இவையெல்லாம் வனத்துறைக்கும் பஞ்சாயத்துக்கும் மனுவோடு சேர்த்துக் கொடுக்கத்தக்க படங்கள். மனுவைக் கிடப்பில் போடுவது எளிது. தேதியிட்ட படம் இணைத்த மனுவுக்குப் பதில் எழுதித்தான் ஆக வேண்டியிருக்கிறது என்பதைக் கோப்பு பார்க்கும் குமாஸ்தாக்களே அறிவார்கள்.

மணல் அள்ளும் லாரியைப் படம் எடுக்கும்போது அதன் டிரைவர் முகத்தை மட்டும் எடுத்துவிட்டு வந்துவிடக் கூடாது. மணல் யாருடைய கட்டடத்துக்குப் போகிறது என்பதையும் பின்தொடர்ந்து எடுத்தால்தான் அது முழுப்படம்.